தேர் கூட்டிய ஊர்: ஜெர்மனியில் ஈழத்தமிழரின் இட உரிமை

புலம்பெயர்ந்தோர் தாயகத்தின் பிரதியொன்றை அயல்மண்ணில் எழுப்பி அதற்குள் வாழ்கிறார்கள் என்பது ஆய்வுலகில் பழகிப்போன கருத்து. ஜெர்மனியின் ஹம் நகரிலுள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலையும் அப்படியே விளக்கிவிடுகிறோம். அக்கோயிலின் வரலாறு இவ்விளக்கத்துக்கு இடம் தரவில்லை.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 வன்செயல்களுக்குப் பின் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனியை அடைந்தனர். 1982ஆம் ஆண்டுப் புகலிட நடைமுறைச் சட்டத்தின்படி அவர்கள் பல நகரங்களுக்குப் பங்கிட்டு அனுப்பப்பட்டனர். ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போக அன்று முடியவில்லை. லண்டனிலோ டொரண்டோவிலோ போலத் தமிழர் அடர்ந்து வாழும் பகுதி உருவாக வழியில்லாமல் போயிற்று. தாயக நினைவு எல்லோரிடமும் இருந்தது, அகதி விடுதி அறையிலும் இருந்தது. கூடி நிற்க ஒரு வெளிதான் இல்லை.

1989இல் ஹம் நகரில் ஒரு நிலவறையில் அம்பாள் வழிபாடு தொடங்கியது. 1993இல் திருவிழா வீதிக்கு வந்தது. கூட்டம் பெருகியதும் நெரிசல், இரைச்சல் என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் கண்ட இன்றைய கோயில், சுமார் 17 மீட்டர் கோபுரத்தோடு, நகரின் கிழக்கே தொழிற்பேட்டையில் நிற்பதன் காரணம் இதுவே. ஊர்கூடித் தேரிழுப்பது நம் வழக்கு; இங்கே தேர்தான் ஊரைக் கூட்டியது. ஆண்டுக்கொருமுறை பல்லாயிரம் பேர் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்து வருகிறார்கள். தொழிற்பேட்டைத் தார்ச்சாலையில் காவடி ஆடுகிறது, அங்கப்பிரதட்சணம் நடக்கிறது. தீர்த்தமாடுவது டாட்டெல்ன்–ஹம் கால்வாயில். 1914இல் திறந்த அந்தக் கால்வாய் சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்டது. மந்திரத்தோடு நகராட்சியின் அனுமதியும், காவல்துறையோடு பேசி வகுத்த பாதையும், ஆண்டுதோறும் அதே கரைக்குத் திரும்பும் மக்களும் சேர்ந்தே அதைத் தீர்த்தமாக்கினர். பொதுவெளியில் இப்படி உரிமையோடு நடக்கக் கிடைத்ததையே இவர்களுடைய ‘சொந்த ஊர்’ உணர்வின் வேராகக் கருதுகிறேன்.

இவ்வாதத்துக்குக் கடுமையான சோதனை கெவெலார். நெதர்லாந்து எல்லையருகே 1642 முதல் மாதா யாத்திரைத் தலமாக விளங்கும் அவ்வூரில் தமிழர் எதையும் கட்டவில்லை. ஆயினும் ஆகஸ்டில் தமிழ்க் கத்தோலிக்கர் அங்கே திரளுகிறார்கள். இலங்கையின் மடு மாதா கோயிலுக்குச் சைவர் போவதுபோல இங்கும் சைவர் உடன் வருகிறார்கள். பிரதி ஏதுமின்றியே ஓர் இடம் தமக்குரியதாகிவிட்டது.

இந்த உரிமை வேலைத்தலத்திலும் பள்ளியிலும் தானாக வந்துவிடாது. தேர் நிலைக்கு வந்தபின் அவரவர் பழையபடி சிதறிய நகரங்களுக்குத்தான் திரும்புகிறார்கள். ஆனால் ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளும் வடம்பிடிக்க வருகிறார்களே, அவர்களை எதில் சேர்ப்பது? பிரதி எடுக்க அவர்களிடம் யாழ்ப்பாணத்து நினைவு இல்லை. பெற்றோர் சொன்ன கதையோடு அவர்கள் கையில் இருப்பது ஹம் நகரத்துத் திருவிழா நாட்களே, அவை முழுக்க அவர்களுடையவை.