கரடிகளுக்கு எச்சில் விருந்து

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிறகு எழுந்த ஓட்டல்கள் சமையல் கழிவைத் திறந்தவெளியில் கொட்டின. கரடிகள் அதைத் தேடி வந்தன. அந்தக் காட்சியைக் காணக் கூட்டம் சேரவே, குப்பைமேட்டருகே இருக்கை வரிசைகள் போடப்பட்டன. துப்பாக்கியோடு காவலர் நிற்க, கரடிகள் எச்சில் தின்பது மாலைக் கேளிக்கையாயிற்று. சாலையோரக் கருங்கரடிகளுக்குக் காரிலிருந்தே தின்பண்டம் நீட்டுவதும் வழக்கமானது.

மனித வாடையைக் கண்டு விலகும் இயல்பு கரடிக்கு உண்டு. அந்த வாடையே தீனிக்கு அடையாளமாகிவிட்டால் அது கூடாரத்தை நெருங்கத் தயங்காது. 1931 முதல் 1969 வரை யெல்லோஸ்டோனில் ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். குப்பைமேட்டுக் காட்சி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றது; குப்பைமேடுகள் நிற்கவில்லை.

விபரீதம் நேர்ந்தது மாண்டானா மாநிலத்தின் கிளேசியர் பூங்காவில். 1910-இல் பூங்கா உருவானது முதல் அங்கே கரடி தாக்கி எவரும் இறந்ததில்லை. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், பல மைல் இடைவெளியிலிருந்த இரண்டு முகாம்களில், 19 வயதுப் பெண்கள் இருவரை வெவ்வேறு கிரிஸ்லி கரடிகள் கொன்றன. இருவரும் திறந்தவெளியில் படுக்கைப் பைகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒரு முகாம் கிரானைட் பார்க் மலைவிடுதிக்கு அருகில் இருந்தது. அங்கே விருந்தினர் கரடி பார்ப்பதற்காகவே இரவில் மிச்ச உணவு வெளியே போடப்பட்டு வந்தது. டிரௌட் ஏரி முகாமிலோ, கோடை முழுவதும் ஒரு கரடி ஆட்களைத் துரத்தி உணவைப் பறித்துக்கொண்டிருந்தது. புகார்கள் வந்தும் முகாம் மூடப்படவில்லை. தற்செயல் என்று இந்தச் சாவுகளைத் தள்ளிவிட முடியாது. இரண்டு இடத்திலும் எச்சரிக்கை முன்பே கண்ணெதிரே இருந்தது.

அதன் பிறகே தேசியப் பூங்கா நிர்வாகம் விழித்தது. யெல்லோஸ்டோனில் 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகள் மூடப்பட்டன. 1959 முதல் அங்குள்ள கிரிஸ்லிகளை ஆராய்ந்துவந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், திடீரென மூடினால் பசித்த கரடிகள் முகாம்களை நோக்கித் திரும்பும், படிப்படியாக மூட வேண்டும் என்று வாதாடினார்கள். அது ஏற்கப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான கரடிகள் கொல்லப்பட்டன. மனிதர் பழக்கிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவை அவையே. 1975-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் கிரிஸ்லி, அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

இன்றைய முகாம் விதிகள் பல இந்த அனுபவத்தில் விளைந்தவை. சமைக்கும் இடமும் உறங்கும் இடமும் தள்ளி இருக்க வேண்டும். உணவோடு பற்பசை, சோப்பு போன்ற மணமுள்ள பொருள்களையும் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் 1998-இல் மட்டும் கருங்கரடிகள் கார்களை உடைத்தும் உணவைக் கவர்ந்தும் 1,500-க்கு மேற்பட்ட சம்பவங்கள் நடந்தன. பூட்டுப் பெட்டிகளும் கண்டிப்பும் கூடியபின் அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. யெல்லோஸ்டோனிலும் 1980-க்குப் பிறகு கரடியால் காயமடைவோர் ஆண்டுக்குச் சராசரியாக ஒருவர்தான்.