சேஷாசலத் தீயும் விண்ணிலிருந்து காணும் கண்களும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது குடிபாலா. 1953 வரை சென்னை இராஜ்யத்தில் இருந்த பகுதி அது. பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து சென்ற நேயர்களே, இங்கே எல்லைதான் மக்களைக் கடந்து சென்றது! இப்பக்கத்துக் குன்றுகளுக்குக் கோடைத் தீ புதிதன்று. புகையைக் கண்டவர் வந்து சொன்ன பிறகே, பச்சைத் தழையால் அடித்தணைப்பது பழைய வழக்கம்.

வடக்கே, திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காடு செம்மரத்தின் தாயகம். 2014 மார்ச்சில் அது பற்றியெரிந்தபோது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீர் சொரிய வேண்டியதாயிற்று. அப்போது விண்ணில் கண்கள் இல்லாமலில்லை. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், துணைக்கோளில் அமைந்த மோடிஸ் கருவி உணரும் வெப்பத்தைக் கொண்டு, 2004 முதலே மாநில வனத்துறைகளுக்குத் தீச்செய்தி அனுப்பி வந்தது. ஆனால் அக்கருவி காட்டும் ஒரு புள்ளி, நிலத்தில் ஒரு கிலோமீட்டர். 2011-இல் விண்ணேறிய வியர்ஸ் கருவி அதனை 375 மீட்டராகச் சுருக்கிற்று. எனினும் துணைக்கோள் ஒருமுறை கடந்து மறுமுறை வருமுன் காற்று தீயை எங்கோ கொண்டு சென்றுவிடும். மேகம் மூடினாலோ ஒன்றும் தெரியாது.

ரேடார் தானே அலைகளை அனுப்பி, அவை திரும்புவதைக் கொண்டு அறிவது. புகையும் மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. சுடரை அது காணாது. கிளையும் தண்டும் கருகி மெலிந்ததைக் காணும். அத்தகைய நிசார் துணைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா, இன்று திருப்பதி மாவட்டத்திலேயே உள்ளது. 24 சென்டிமீட்டர் நீள அலை இலைகளை ஊடுருவும். 12 நாட்களுக்கொருமுறை அதே தடத்தில் திரும்பும். எரிகின்ற தீக்கு இது மிகத் தாமதமே. எரிந்த இடம் எது, மீண்டும் தழைத்தது எவ்வளவு என்று தெரிந்தால், அடுத்த கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளை எங்கே வெட்டுவது என வனத்துறையார் முடிவு செய்ய இயலும்.