ஓசி வைஃபையும் ஃபயர்ஷீப்பும்

ஓசி வைஃபையின் ஆபத்தை ஊருக்கே போட்டுக் காட்டியது ஃபயர்ஷீப். 2010 அக்டோபரில், அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த டூர்கான் மாநாட்டில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி அது.

அப்போதெல்லாம் ஃபேஸ்புக் போன்ற தளங்கள் கடவுச்சொல் போகும்போது மட்டும் மறையாக்கம் செய்யும். உள்ளே நுழைந்தபிறகு, 'நான் இன்னார்' என்று உலாவி ஒவ்வொரு தடவையும் நீட்டுகிற குக்கி அப்பட்டமாகத்தான் போகும். கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரிதான் இந்தக் குக்கி. யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் செருப்பு! பூட்டில்லாத காபிக்கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் ஃபயர்ஷீப்பை ஓடவிட்டால் உங்கள் பெயரும் படமும் அவர் திரையோரம் வந்து நிற்கும். ரெண்டு க்ளிக், உங்கள் கணக்கு அவர் கையில்.

இந்த ஓட்டை பொறியாளர்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்ததுதான். அடைக்கவும் முடியும்: ஜிமெயில் 2010 ஜனவரியிலேயே எல்லோருக்கும் ஹெச்டிடிபிஎஸ் என்று மாறியிருந்தது. ஃபேஸ்புக் 2011 ஜனவரியில்தான் அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எல்லோருக்கும் தானாகக் கிடைக்க 2013 ஆகிவிட்டது. பட்லர் இப்படிப் போட்டு உடைத்தது சரியே என்பேன்.

இன்று பெரும்பாலான தளங்களில் ஹெச்டிடிபிஎஸ் இருக்கிறது. நீங்கள் என்ன படித்தீர்கள் என்பது வைஃபைக்காரருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அநேகமாகத் தெரியும். விபிஎன் போட்டால் அவருக்கு அதுவும் மறையும். விபிஎன் கம்பெனிக்காரர் பார்ப்பார்.