கடதாசியில் சுற்றிய மருந்து

கடமையில் உயிர்நீத்த தம்மவர்களை இலங்கைப் பொலிஸார் ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஆம் திகதி நினைவுகூர்கிறார்கள். அந்தத் திகதி வந்தது கேகாலை மாவட்டத்து மாவனெல்லையிலிருந்து. 1864இல் அதே நாளில் அங்கே ஒரு மேல்மாடி வீட்டைப் பொலிஸார் வளைத்தார்கள். உள்ளேயிருந்து வெடி வந்தது. கான்ஸ்டபிள் துவான் சபான் சுருண்டு விழுந்து இறந்தார். சுட்டவன் மம்மாலி மரிக்கார். அவனோடு அந்த வீட்டில் இருந்தவன் வழிப்பறிக் கூட்டத்தின் தலைவன் உத்துவன்கந்தை சரதியல்.

உத்துவன்கந்தைப் பாறைக்குக் கீழேதான் கொழும்பு–கண்டி வீதி போகிறது. 1867இல் ரயில் கண்டியைத் தொடும்வரை மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு அந்த வீதியே ஆதாரம். கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் கீழே இறங்கின. தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டங்களில் உழைத்த நம்மவர்களுக்கான அரிசி அதே வழியாக மேலே ஏறியது. சரதியலின் கூட்டம் மறித்தது இந்தப் போக்குவரத்தைத்தான். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்ற கதை இன்றும் அந்த ஊர்களில் உண்டு. அந்தக் கதையை இந்த வாரம் ஒதுக்கிவைக்கிறேன். அன்றைய துவக்கை எப்படி நிரப்பினார்கள் என்பதை முதலில் பார்ப்போம். சப்ரகமுவையின் பழைய போர்களில் யார் வென்றார்கள், ஏன் வென்றார்கள் என்பதும், இன்று தோட்டத்து எல்லையில் நம்மவர்கள் கால் இழப்பது எதனால் என்பதும் அந்த வேலையில்தான் அடங்கியிருக்கின்றன.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இடியன் துவக்கு என்பார்கள். பின்பக்கம் திறக்காத குழல் அது. மருந்தும் குண்டும் வாய்வழியாகவே உள்ளே போகவேண்டும், இடிகோலால் இடித்து இறுக்கவேண்டும். கரிமருந்தைக் கொம்பிலோ குடுவையிலோ கொண்டுபோய், ஒவ்வொரு வெடிக்கும் கையால் அளந்து கொட்டுவது பழைய முறை. அளவு கூடினால் குழல் பிளக்கும். குறைந்தால் குண்டு பாதி வழியில் விழும். முந்திய வெடியின் கனல் ஒரு துகளாவது குழலுக்குள் மிச்சமிருந்தால், கொம்பை நேரே வாயில் கவிழ்ப்பவனின் கையோடு கொம்பு வெடிக்கும். இத்தனையையும் ஒருவன் ஓடிக்கொண்டும், நனைந்துகொண்டும், எதிரே ஆள் நிற்கும்போதும் செய்யவேண்டும்.

ஐரோப்பியப் படைகள் இதற்குக் கண்ட தீர்வு கடதாசித் தோட்டா. அதைச் செய்ய ஒரு மரக்குச்சி, சாய்வாக வெட்டிய கடதாசித் துண்டு, ஈயக் குண்டு, நூல் இவை போதும். குச்சியின் நுனியில் குண்டை வைத்துக் கடதாசியை இறுகச் சுருட்டுவார்கள். குண்டு இருக்கும் முனையை நூலால் கட்டிவிட்டுக் குச்சியை உருவினால், ஒரு பக்கம் அடைபட்ட குழாய் மிஞ்சும். அளந்த மருந்தை அதில் கொட்டி வாலை முறுக்கி மடித்துவிட்டால் வேலை முடிந்தது. போர்க்களத்தில் சிப்பாய் அந்த வாலைப் பல்லால் கிழிப்பான். கல்லில் தீப்பொறி பறக்கும் துவக்காக இருந்தால் கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டுவான். பிறகு குண்டைக் கடதாசியோடு சேர்த்து உள்ளே தள்ளி இடிப்பான். உறையாக வந்த கடதாசி குழலுக்குள் அடைப்பாக மாறி, மருந்தையும் குண்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்கத் தயங்கியதற்குக் காரணமே இந்தக் கிழிப்புத்தான்.

பிரிட்டிஷாரின் பிரவுன் பெஸ் துவக்கின் குழல் 0.75 அங்குலம். அதில் போட்ட குண்டு 0.69 அங்குலம்தான். கரிமருந்து எரிந்தால் குழலில் கரி படியும். சில வெடிகளுக்குப் பிறகு இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. எனவே குண்டைத் தளர்வாக விட்டு, இடைவெளியைக் கடதாசியால் நிரப்பினார்கள். குறி கெட்டது, வேகம் கிடைத்தது. பழகியவன் நிமிடத்துக்கு மூன்று வெடி தீர்ப்பான். நூறு யார் தூரத்துக்கு அப்பால் தனி ஒருவனைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். ஆனால் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் நூறு பேருக்குத் தனிக்குறி தேவைப்படவில்லை.

கண்டி இராச்சியத்தில் இரும்பு வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் செய்த துவக்குகளில் பொறியமைப்பு குழலின் இடப்பக்கம் இருக்கும். கட்டை பின்னால் இரண்டாகப் பிரிந்திருக்கும். இன்றைய கேகாலைப் பகுதி அன்று சத்தர கோறளை. அதன் திசாவை எனப்பட்ட ஆளுநரான லெவ்கே மன்னருக்குக் கொடுத்த சிறு பீரங்கி பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள் இழைத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அதை எடுத்துப்போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அது, 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பி வந்தது. இவ்வளவு கைத்திறன் இருந்த நாட்டில் மருந்தும் உள்நாட்டிலேயே தயாரானது. ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் 1821இல் வெளியிட்ட நூலில், மீமுரேக்கு அருகிலுள்ள குகையில் வெடியுப்பு எடுத்ததை விவரிக்கிறார். குகை மண்ணோடு சாம்பலைச் சேர்த்து, நீர் விட்டு வடித்து, வற்றவைத்து உப்பாக்கினார்கள்.

சாம்பல் சேர்ப்பது சடங்குக்காக அல்ல. குகை மண்ணில் இருக்கும் நைட்ரேட்டில் பெரும்பகுதி சுண்ணாம்பு சார்ந்தது. அது காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசியும். சாம்பலில் உள்ள பொட்டாசியம்தான் அதை உலர்ந்த வெடியுப்பாக மாற்றுகிறது. மாற்றம் முழுமையாக நடக்காவிட்டால் மருந்து ஈரம் இழுக்கும். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் அதைச் சிறு குறையென்று சொல்ல முடியாது.

மழை இரு பக்கத்தையும் அடித்தது. 1630 ஓகஸ்ட்டில் ஊவாவின் ரந்தெனிவெலையில் போர்த்துக்கேய ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா தன் படையோடு அழிந்தபோது, கொட்டிய மழையில் அவர்களுடைய துவக்குகளின் திரியும் மருந்தும் நனைந்து பயனற்றுப்போயிருந்தன. கண்டியர் இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். பிற்காலத்திலும் அவர்கள் வெட்டவெளியில் வரிசைக்கு வரிசை நிற்கவில்லை. மறைவிலிருந்து சுட்டார்கள், ஒற்றையடிப் பாதையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள், மழையும் காய்ச்சலும் வேலை செய்யக் காத்திருந்தார்கள். நிமிடத்துக்கு மூன்று வெடி என்ற பலம் திறந்த நிலத்துக்குரியது. கித்துலும் மூங்கிலும் அடர்ந்த கணவாயில் அது பாதியாகிவிடும். 1803இல் கண்டியைப் பிடித்த பிரிட்டிஷாரால் அதை வைத்திருக்க முடியவில்லை. 1815இல் அவர்கள் கண்டியைக் கைப்பற்றியதற்கு, சப்ரகமுவையின் திசாவையாக இருந்த எஹெலபொல மன்னரை எதிர்த்து அவர்கள் பக்கம் போனது பெரிய காரணம். தோட்டாவின் வேகத்தை மட்டும் வைத்து அந்த வெற்றியை விளக்க முடியாது.

அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் துவக்கு மாறியது. கல்லுக்குப் பதிலாகக் கேப் என்ற சிறு செப்புத் தொப்பி வந்தது, ஈரத்திலும் தீப்பிடித்தது. 1849இல் பிரெஞ்சு இராணுவக் கப்டன் மினியே, அடியில் குழிவான நீள்குண்டை அமைத்தார். குழலில் தளர்வாக இறங்கும் அந்தக் குண்டு, வெடிக்கும்போது அடி விரிந்து, குழலின் உட்புறத்து முறுக்கு வரிகளைக் கவ்விச் சுழன்று வெளியேறும். வேகத்தைத் தேடி இழந்த குறி இப்படித் திரும்பி வந்தது. இதை ஒட்டி வந்ததே 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைபிள். அதன் தோட்டாவில் மருந்து இரண்டரை டிராம், அதாவது நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. குண்டு 34 கிராம். உள்ளே மருந்துக்கென்று ஒரு தடித்த குழாய், அதைச் சுற்றி மெல்லிய கடதாசி. குண்டு இருக்கும் முனையில் மெழுகும் கொழுப்பும் பூசுவார்கள். குண்டைத் தலைகீழாகவே உள்ளே வைத்திருப்பார்கள். மருந்தைக் கொட்டியபின் சிப்பாய் தோட்டாவைத் திருப்பி, கொழுப்புப் பூசிய முனையைக் குழல் வாயில் செருகி, எஞ்சிய கடதாசியைக் கிழித்தெறிந்துவிட்டு இடிப்பான்.

அந்தக் கொழுப்பு 1857இல் என்ன செய்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சு ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள், பலிக்கவில்லை. ஏப்ரல் 24இல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது பழைய வகைத் தோட்டா. அதற்குள் எந்தக் கடதாசியையும் நம்ப முடியாத நிலை வந்துவிட்டது. மே 10இல் மீரட் எரிந்தது. இலங்கை ஆளுநர் ஹென்றி வார்ட் இங்கிருந்த பிரிட்டிஷ் துருப்புகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

கடித்தவர்களைப் பற்றி எழுதிய வரலாறு, சுருட்டியவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இலட்சக்கணக்கான தோட்டாக்களைச் செய்தவை சின்ன விரல்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த வேலை பெரும்பாலும் ஏழை வீட்டு இளம்பெண்களுக்கு விழுந்தது. 1862 செப்டம்பர் 17இல் பென்சில்வேனியாவின் அலெகெனி ஆயுதசாலை வெடித்ததில் 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். சரதியல் தூக்கிலேறிய ஆறு வாரத்துக்குள், 1864 ஜூன் 17இல், வாஷிங்டன் ஆயுதசாலையில் 21 பெண்கள் எரிந்துபோனார்கள். நீள மேசையில் நெருக்கமாக உட்கார்ந்து, தளர்ந்து கிடக்கும் மருந்தைக் கடதாசியில் அடைக்கும் வேலை அது. சிவகாசியை அறிந்த எவருக்கும் அந்தக் கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பரில் சிவகாசியருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நாற்பது பேரளவில் கருகியதும் கடதாசிக்குள் மருந்து அடைக்கும் தொழிலில்தான்.

மாவனெல்லைக்கு வருவோம். சபான் விழுந்த பிறகு, கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்ஸ், இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் சிப்பாய்களோடு வந்து சேர்ந்தார். பெரும்பாலும் மலாய் முஸ்லிம்களைக் கொண்ட படை அது. இறந்த சபானும் மலாய்க்காரர். வீட்டுக்குள் இருந்தவர்களிடம் துணிச்சல் இருந்தது. வெளியே நின்றவர்களின் பையில் ஒரே அளவில் செய்த தோட்டாக்கள் இருந்தன. தீர்ந்தால் கேகாலையிலிருந்து இன்னொரு பெட்டி வரும். காயப்பட்ட சரதியலும் மரிக்காரும் பிடிபட்டார்கள். மே 7இல் கண்டியில் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

கடதாசித் தோட்டாவின் காலமும் அதோடு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1866இல் பிரிட்டன் என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி, ஸ்னைடர் முறையில் திறக்கும்படி மாற்றத் தொடங்கியது. வூலிச்சில் கேணல் பொக்ஸர் வடிவமைத்த பித்தளைத் தோட்டா வந்தது. அதே வருடம் செப்டம்பர் 3இல் கேம்பல் என்பவர் இலங்கைப் பொலிஸின் தலைமையை ஏற்றார். ரைபிள் ரெஜிமென்ட் 1873இல் கலைக்கப்பட்டது.

தோட்டத்துத் துரைமாரும் படை அதிகாரிகளும் இதற்கு முன்பே காட்டை இதே மருந்தால் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். 1840களில் வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் யானைத் துவக்கு ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து தின்றது. என்ஃபீல்டின் ஆறு மடங்குக்கும் மேல். ரைபிள் ரெஜிமென்டைச் சேர்ந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845 ஜூனில் சப்ரகமுவை எல்லைக்கு அப்பால், அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைத் தலைக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து மலைச்சரிவுகளில் இன்று யானை அரிதானதற்குக் கோடரி ஒரு காரணம் என்றால், இந்த மருந்து மற்றொரு காரணம்.

துரைகள் பித்தளைத் தோட்டாவுக்குப் போனார்கள். வாய்வழித் துவக்கு கிராமத்தில் நின்றுவிட்டது. தகட்டுக் குழலும் கையளவு மருந்தும் வைத்து ஊர்க் கம்மாலையில் செய்யலாம், யாரிடமும் தோட்டா வாங்கத் தேவையில்லை என்பதுதான் அதன் ஆயுளை நீட்டியது. அதன் கொடிய பிள்ளை கட்டுத்துவக்கு. பன்றிக்காகப் பாதையோரம் கட்டி, விலங்கு தட்டும்போது தானே வெடிக்கும்படி விடுவது. சட்டவிரோதம், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டத்தில் உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதே குற்றம். ஆனாலும் கட்டுகிறார்கள்.

பன்றியின் நெஞ்சுயரம் மனிதனின் முழங்கால் உயரம். எனவே காயம் பெரும்பாலும் காலில் விழுகிறது. கிட்ட நின்று வெடிப்பதால் ஈயத்தோடு அடைப்பும் சேர்ந்தே சதைக்குள் போகும். தும்பும் கடதாசியும் அழுக்கும் உள்ளே தங்கிப் புண் அழுகும். எலும்பு நொறுங்கிய காலைக் காப்பாற்ற முடியாமல் வைத்தியர்கள் வெட்டியெடுக்க வேண்டிவருகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் விடியுமுன் றப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், மாலையில் விறகுக்குக் காட்டோரம் போகிறவர்களும் தோட்டத்து ஆட்கள். பன்றி அவர்கள் வைத்த பயிரையும் தின்கிறது என்பது உண்மை. அதற்கு வேலி அடித்துக் கொடுப்பதும், வேலைக்குப் போகும் பாதையை எல்லைக் காட்டை விட்டுத் தள்ளி வெட்டுவதும், கட்டுத்துவக்கு தேடி வாரம் ஒருமுறையாவது எல்லையைச் சுற்றி வருவதும் தோட்ட நிர்வாகம் செய்யவேண்டிய வேலை. கொழுந்துக்கும் பாலுக்கும் கணக்கெழுதும் இடத்தில் இதற்கும் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லி நம் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும்.