அமெரிக்கச் சிற்றூர் மருந்துக்கடை

அமெரிக்கர்கள் ‘ட்ரக்ஸ்டோர்’ என்றழைக்கும் சிற்றூர் மருந்துக்கடை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை மருந்தகமும் குளிர்பானக் கடையும் ஒன்றாக இருந்த இடம். கடைத்தெருவின் முனையில் இருக்கும். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாக வண்ணநீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவைகள் நிற்கும்; எழுத்தறியாதவருக்கும் அதுவே பெயர்ப்பலகை.

பின்கட்டில் மருந்தாளுநரின் மேசை. ஆலையில் செய்த மாத்திரையை எண்ணிக் கொடுப்பது அன்று அவருடைய வேலையில் சிறுபகுதிதான். மருத்துவரின் சீட்டைப் பார்த்துக் கல்வத்தில் அரைத்து, சிறுதராசில் நிறுத்து, பொடியைக் காகிதத்தில் மடித்தோ களிம்பாகக் குழைத்தோ தருவார். கசப்பை மறைக்கச் சர்க்கரைப் பாகும் வாசனைச் சாறுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வாயு ஏற்றிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, முன்பக்கத்தில் சோடா மேடை முளைத்தது.

உலகமே இன்று குடிக்கும் பானங்கள் சில இப்படிப் பிறந்தவைதான். டெக்சஸின் வேக்கோ நகர மருந்துக்கடை ஒன்றில் வேலைபார்த்த சார்லஸ் ஆல்டர்டன் 1885இல் டாக்டர் பெப்பரை உருவாக்கினார். கடைக்குள் கலந்து வீசிய பாகுகளின் மணத்தைக் கோப்பையில் பிடிக்க முயன்றார் என்பார்கள். மறு ஆண்டு அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் கலந்த கோக்கா கோலா, ஜேக்கப்ஸ் மருந்தகத்தில் கோப்பை 5 சென்ட்டுக்கு விற்றது. தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் ஏற்றது என்றே விளம்பரப்படுத்தினார்கள். பெப்சியைத் தந்த கேலப் பிராடமும் வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊர் மருந்தாளுநரே.

மேடை பெரும்பாலும் பளிங்கில் இருக்கும்; முன்னால் சுழலும் உயர முக்காலிகள். கைப்பிடியை வெடுக்கென்று இழுத்துச் சோடா பிடிக்கும் இளைஞனுக்குச் ‘சோடா ஜெர்க்’ என்று பெயர். மதுவிலக்கு நடந்த 1920–1933 காலத்தில் சாராயக் கடைகள் மூடப்பட்டதால் கூட்டம் இங்கே திரும்பியது. பின்கட்டுக்கும் அது நல்ல காலம்: மருத்துவர் சீட்டிருந்தால் ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு பைண்ட் விஸ்கி சட்டப்படி கிடைத்தது. அத்தனை பேருக்கும் நோய்தானா என்று எவரும் துருவவில்லை.

இந்தக் கடைகளைப் பற்றிய இனிய நினைவுகள் பெரும்பாலும் வெள்ளையருடையவை. பல ஊர்களில் கறுப்பின மக்கள் மருந்து வாங்கலாம், பானத்தை வாங்கி வெளியே கொண்டுபோகலாம். முக்காலியில் உட்காரக் கூடாது. 1958 ஜூலையில் கான்சஸின் விச்சிட்டா நகரில் டாக்கம் மருந்துக்கடையின் மேடையில் கறுப்பின மாணவர்கள் மீண்டும் மீண்டும் வந்து அமைதியாக உட்கார்ந்தார்கள். மூன்று வாரங்களுக்குப் பிறகு கடை பணிந்தது. இதே வகையில் பெரிதும் பேசப்படும் கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது 1960இல்தான்.

பின்கட்டும் மாறிக்கொண்டிருந்தது. மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடியவை, கூடாதவை என்று தெளிவாகப் பிரித்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த கார்ல் டர்ஹம், ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இருவருமே மருந்தாளுநர்கள். பின்னாளில் துணை அதிபரான ஹம்ஃப்ரி, பொருளாதார மந்தக் காலத்தில் படிப்பை நிறுத்திவிட்டுத் தெற்கு டகோட்டாவின் ஹியூரான் ஊரில் தந்தையின் மருந்துக்கடையில் நின்றவர். அந்தச் சட்டம் வருவதற்குள் ஆலை மருந்துகள் கல்வத்தை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டன. வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் பெருங்கடைகள் வந்தபோது, மேடை இருந்த இடத்தில் சரக்குத் தட்டுகளை வைப்பது கூடுதல் லாபமாகப் பட்டது. நெடுஞ்சாலையோர உணவகங்கள் எஞ்சிய கூட்டத்தையும் இழுத்துக்கொண்டன.

தெற்கு டகோட்டாவிலேயே வால் என்ற சிற்றூரில் டெட் ஹஸ்டெட் 1931இல் வாங்கிய கடையின் கதை வேறு. வியாபாரம் படுத்துக் கிடந்த 1936 கோடையில், இலவச ஐஸ் தண்ணீர் உண்டென்று சாலையோரம் பலகை நடச் சொன்னார் அவர் மனைவி டாரத்தி. புழுக்கத்தில் வந்த கார்கள் அங்கே நிற்கத் தொடங்கின. ‘வால் ட்ரக்’ எனப்படும் அந்தக் கடை இன்று பெரிய சுற்றுலாத் தலம். ஐஸ் தண்ணீருக்கு இன்றும் காசில்லை.