தீப்ஸ் நகரத் தோற்றத் தொன்மங்கள்

தீப்ஸ்: நடுக் கிரேக்கத்தில், பொயோட்டியா சமவெளியில், ஏதென்ஸுக்கு வடமேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள பழம்பெரும் நகரம். எகிப்தில் நைல் ஆற்றங்கரையில் இருந்த தீப்ஸ் வேறு. கிரேக்கர் அதற்கும் இதே பெயரை வழங்கினர். ஓடிபஸ், அன்டிகனி கதைகளின் களமாகவே இந்நகரைப் பலரும் அறிவர். ஆனால் அந்த அரச குடும்பத்தின் துயரக் கதைக்கு முன்னரே, நகரம் எப்படிப் பிறந்தது என்பதற்கு இரு தனித்தனிக் கதைகள் வழங்கின. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டையும் தீப்ஸ் மக்கள் கைவிடாமல் காத்தனர்.

காட்மஸும் பசுவும்

முதற்கதை கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. பினீசிய நகரமான டயரின் (சிலர் சீடோன் என்பர்) அரசன் அகெனோர். அவன் மகள் யூரோப்பாவைத் தேவர் தலைவன் சியூஸ் காளை உருவில் வந்து கிரீட் தீவுக்குக் கவர்ந்து சென்றான். தங்கையைத் தேடிப் புறப்பட்ட காட்மஸ் எங்கும் காணாமல் டெல்ஃபிக்குப் போய்க் குறி கேட்டான். தங்கையைத் தேடுவதை விட்டுவிடு, ஒரு பசுவின் பின்னே போ, அது களைத்துப் படுக்கும் இடத்தில் நகரம் அமை என்று வாக்கு வந்தது. அந்தப் பசுவின் இரு விலாவிலும் முழுநிலாப் போன்ற வெள்ளை மறு இருந்ததாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணநூலாசிரியர் பவுசானியஸ் எழுதுகிறார். பசு படுத்த நிலமே பொயோட்டியா. கிரேக்கத்தில் 'பூஸ்' என்றால் மாடு. நாட்டின் பெயரையே கதை இப்படி விளக்கிக்கொள்கிறது.

பசுவைப் பலியிடத் தண்ணீர் எடுக்கப் போனவர்களை, போர்க்கடவுள் ஏரிஸின் சுனையைக் காத்த பெரும்பாம்பு கொன்றது. காட்மஸ் அதைக் கொன்றான். அதன் பற்களை உழுத நிலத்தில் விதைக்கும்படி அதீனா தெய்வம் சொன்னது. ரோமானியக் கவி ஓவிட் இக்காட்சியை அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார்: மண்கட்டிகள் அசைகின்றன, முதலில் ஈட்டி முனை, பிறகு தலைக்கவசம், தோள், மார்பு, ஆயுதம் ஏந்திய கை என ஆளாக எழுகிறது ஒரு பயிர். முளைத்த வீரர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிந்தனர். காட்மஸ் நடுவே எறிந்த கல்லே சண்டையை மூட்டியது என்பது இன்னொரு வழக்கு. எஞ்சியோர் ஐவர்: எக்கியோன், உடாயஸ், க்தோனியஸ், ஹைப்பரெனோர், பெலோரஸ். இவர்களுக்கு 'ஸ்பார்ட்டோய்', அதாவது விதைக்கப்பட்டோர் என்று பெயர். தீப்ஸின் உயர்குடியினர் தங்களை இவர்கள் வழியினராகச் சொல்லிக்கொண்டனர். இது வெறும் ஏட்டுக்கதை அன்று. கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்த தளபதி எப்பமினோண்டஸின் கல்லறைத் தூணில் பாம்பு பொறித்த கேடயம் இருந்தது. அவர் விதைக்கப்பட்டோர் குலத்தவர் என்பதன் அடையாளம் அது.

பாம்பைக் கொன்ற பழிக்குக் காட்மஸ் ஏரிஸுக்கு எட்டாண்டு ஊழியம் செய்தான். பிறகு ஏரிஸ், அஃப்ரோடைட்டி இணையரின் மகள் ஹார்மோனியாவை மணந்தான். தேவர்கள் நேரில் வந்த திருமணம் அது. மணப்பெண்ணுக்குக் கிடைத்த, கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் செய்த கழுத்தணி, பின்னர் அணிந்தவர்க்கெல்லாம் கேடு கொண்டுவந்தது. முதுமையில் கணவனும் மனைவியும் இல்லிரியாவுக்குப் போய்ப் பாம்புகளாயினர்.

எழுத்தைக் கொண்டுவந்தவன்

எழுத்தைக் கொண்டுவந்ததே காட்மஸின் உண்மையான பெருமை எனலாம். அவனுடன் வந்த பினீசியர் கிரேக்கர்க்கு எழுத்தைக் கற்பித்தனர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். தீப்ஸின் அப்பல்லோ கோயிலில் காட்மஸ் கால எழுத்துப் பொறித்த முக்காலிகளைத் தாமே கண்டதாகவும் எழுதுகிறார். கிரேக்க 'ஆல்ஃபா', 'பீட்டா' என்னும் பெயர்கள் செமித்திய 'ஆலெஃப்', 'பேத்' என்பவற்றிலிருந்தே வந்தன. ஆகவே மூலத்தைக் கதை சரியாகவே சொல்கிறது. காலம் மட்டும் பொருந்தவில்லை. அவ்வெழுத்து கிரேக்கத்துக்கு வந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி. பழைய காலக்கணக்கர்கள் காட்மஸை அதற்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்னே வைத்தனர். காட்மஸ் என்ற பெயரும் 'கிழக்கு' எனப் பொருள்படும் செமித்திய வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்வதே பொருத்தம்.

ஆம்ஃபியோனின் யாழ்

இரண்டாம் கதையில் அயலார் எவரும் இல்லை. ஆன்டியோப்பி பெற்ற இரட்டையர் ஆம்ஃபியோனும் ஸீத்தஸும் ஏழு வாயில் தீப்ஸை முதன்முதலில் எழுப்பி மதில் கட்டினர் என்கிறது ஹோமரின் ஒடிசி. ஸீத்தஸ் கல்லைத் தோளில் சுமந்தான். ஆம்ஃபியோன் யாழை மீட்ட, கற்கள் தாமே நகர்ந்து வந்து அடுக்காயின என்று பின்வந்தோர் விரித்தனர். ஸீத்தஸின் மனைவி தீபியின் பெயரே நகருக்கு நிலைத்ததாம். இரு கதைகளையும் பவுசானியஸ் இணைக்கிறார்: குன்றின் மேலுள்ள காட்மேயா கோட்டை காட்மஸ் அமைத்தது, கீழ்நகரைச் சேர்த்து மதில் கட்டியவர்கள் இரட்டையர். இதுவே ஏற்கத்தக்க முடிவு. நகரை வந்தேறி ஒருவன் நிறுவினான், குடிகளோ அந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் என்று ஒரே மூச்சில் சொன்ன இம்மக்களின் மனவிரிவு வியக்கத்தக்கது. நாங்கள் மண்ணின் மைந்தர் என்பதையே பெருமையாகக் கொண்ட ஏதென்ஸில் இதைக் காண முடியாது.

அகழாய்வு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியோஸ் கெரமோபூலோஸ் மைசீனியக் காலத்து அரண்மனை ஒன்றைக் காட்மேயாவில் தோண்டியெடுத்து, 'காட்மஸின் இல்லம்' எனப் பெயரிட்டார். 1963-64இல் காட்மேயாவில் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லாலான உருளை முத்திரைகள் கிடைத்தன; அவற்றுள் சில பாபிலோனிய வேலைப்பாடு. கிழக்கிலிருந்து வந்த அரசனைப் பற்றிய கதை வழங்கிய இடத்திலேயே கிழக்கத்தியப் பொருள்கள் கிடைத்ததை ஆய்வாளர் பலர் பெரிதும் வரவேற்றனர். 1993க்குப் பின், பினீசிய எழுத்து வருவதற்கு முன்பே கிரேக்கத்தில் வழங்கிய 'லீனியர் பி' எழுத்துள்ள களிமண் ஏடுகளும் 200க்கு மேல் வெளிப்பட்டன.

பின்னாளில், கி.மு. 335இல், மாசிடோனிய அரசர் அலெக்சாந்தர் நகரைத் தரைமட்டமாக்கினார். கவிஞர் பிண்டாரின் வீடு தப்பியது. இன்று இது தீவா என்னும் சிறுநகரம். பழைய கோட்டையின் மேலேயே வீடுகளும் தெருக்களும் அமைந்திருப்பதால், மனைகளுக்கு இடையே துண்டு துண்டாகத்தான் அகழாய்வு நடக்கிறது.