ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிய கதை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மன்னர்களின் வரலாறு அன்று. நம் குசினியின் மூலையில் கிடந்த ஒரு கல்லின் வரலாறு.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் தாய்மார்களின் ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் அளந்து ஊற்றிவிட்டுத் திரும்பினால் விறகு, துணி, பிள்ளைகள். மறுநாள் பசியாற தோசை வேண்டுமென்றால், ஊறிய அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டுக்கல்லின் முன் உட்கார வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை மாவைக் குழிக்குள் தள்ளும். வீட்டில் ஆள் கூடினால் ஆட்டும் நேரமும் கூடும். தோசை பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரமாக இருந்ததற்கு அரிசியின் விலை மட்டும் காரணமல்ல. கை வலியும் ஒரு காரணம்.

இந்த வேலையை மின்சாரத்திடம் ஒப்படைத்தது எந்தச் சீமைக் கம்பெனியும் அன்று. தமிழகத்தின் கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் மாவாட்டும் இயந்திரத்தை முதன்முதலில் உருவாக்கினார் என்று குறிப்பிடப்படுகிறது. அது ஏன் அந்த ஊரில் நடந்தது? 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளைப் பழுது பார்க்கப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் எழுந்தன. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை அங்கே உருவாக்கினார்கள். அருகிலுள்ள ஊத்துக்குளிப் பக்கம் கருங்கல்லுக்கும் கல்தச்சருக்கும் பேர் போனது. மோட்டார், இரும்பு, கல், மூன்றும் ஒரே வட்டாரத்தில். யாராவது ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

சேர்த்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையால் ஆட்டும்போது கல் அசையாது, குழவி சுற்றும். இயந்திரத்தில் அது தலைகீழ். கல் சுற்றுகிறது, குழவி பிடித்து நிறுத்தப்பட்டு, இருந்த இடத்திலேயே உருளுகிறது. மோட்டாரின் வேகமோ மிக அதிகம். அதைப் பட்டையும் சக்கரமும் கொண்டு குறைத்தால்தான் மாவு சூடேறாமல் அரையும். மாவு சூடேறினால் உளுந்து சரியாகப் பொங்காது. கைக்கல்லில் ஆட்டிய இட்லியின் மென்மையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வது வீண்பெருமை அன்று. மெதுவாக அரைப்பதில்தான் அந்த மென்மை இருக்கிறது.

ஆனால், நேயர்களே, ஒரு பட்டறையில் ஓர் இயந்திரம் ஓடுவது வேறு, அதையே ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. பட்டறையில் பட்டை நழுவினால் செய்தவரே மாட்டிக்கொள்வார். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், ஈரக்கையோடு ஓர் அம்மா சுவிட்சைத் தட்டும்போது என்ன ஆகும்? மின்சாரம் கசியக்கூடாது. ஒரு கல் தேய்ந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைக்க வேண்டும். அரைத்த மாவை எப்படி எடுப்பது என்பதே பெரிய கேள்வி. உணவகத்தில் இரண்டு ஆள் சேர்ந்து வழித்தெடுக்கலாம். வீட்டில் தனியொரு பெண் அந்தக் கனத்த கல்லைத் தூக்குவாளா? சாய்த்து மாவை வழிக்கும் வகை வந்தது இதனால்தான். பிறகு கல்லைச் சிறிதாக்கி, பாத்திரத்தை எவர்சில்வரில் செய்து, மேசைமேல் வைக்கும் வகையும் வந்தது.

இந்தச் சங்கடம் கிரைண்டருக்கு மட்டும் உரியதன்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அட்டாரி என்ற சிறு கம்பெனியின் ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளர், கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை ஒரு மரப்பெட்டியில் பொருத்தி, காசு போட்டு ஆடும் பந்து விளையாட்டு ஒன்றைச் செய்தார். சன்னிவேல் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் வைத்தார்கள். சில நாளில் "பெட்டி ஓடவில்லை" என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது! மின்சுற்றில் ஒரு பழுதும் இல்லை. இத்தனை காசு விழும் என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிற்பாடு நம் நகரங்களின் விளையாட்டுக் கூடங்களில் பிள்ளைகள் காசைக் கரைத்த பெட்டிகளுக்கெல்லாம் (பெற்றோர் வயிற்றெரிச்சலோடு நினைவில் வைத்திருப்பார்கள்) அது முன்னோடி.

கோவையில் ஒரே பெரிய ஆலை எழவில்லை. ஒருவர் கல் கொத்த, ஒருவர் வார்ப்படம் ஊற்ற, ஒருவர் மோட்டார் சுற்ற, இன்னொருவர் பூட்டி விற்க, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளின் கூட்டுத்தொழிலாக அது வளர்ந்தது. 2005-06இல் கோயம்புத்தூர் கிரைண்டருக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தக் கல் கடல் கடந்து நம்மிடமும் வந்தது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸின் உணவகங்களிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பாத்திரக் கடைகளிலும் அதைப் பார்க்கிறோம். இரு நாட்டு மின்சாரமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்பதால் மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. செருகிதான் ஒத்துவரவில்லை: அங்கே உருண்டைக் கால், இங்கே சதுரக் கால். ஊருக்குப் போனவர்கள் ஆசையாகத் தூக்கி வந்த இயந்திரம் சுவரில் செருக முடியாமல் சில நாள் சும்மா கிடந்ததும் உண்டு.

தோட்டத்திற்கு மட்டும் அது தாமதமாகவே வந்தது. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரமே ஓடியது, அதுவும் விளக்குக்காக. நகரத்தில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தபோது, லயத்தில் குழவிதான் சுற்றியது. முழுநேர மின்சாரம் வந்த பிறகே நம் தாய்மார்களின் மாலைப்பொழுது கொஞ்சம் மீண்டது.

புதிதாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. புதுக்கல்லில் கல்தூள் இருக்கும். முதல் ஓரிரு ஈடு அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே வீட்டுக்கு மாவாட்டுங்கள்.